நாற்பத்தோராம் விதி

எங்கள் அலுவலகத்தின் முழுப் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதாது. கொள்கைக் கருவிகள் ஒருங்கிணைப்பு வடிவமைப்புப் பிரிவு. மற்ற மாடிக்காரர்கள் சுருக்கமாகக் 'கூட்டுப் பிரிவு' என்பார்கள். லிப்டில் பார்த்தால், இன்று என்ன கூட்டு, பூசணியா சௌசௌவா என்று கேட்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். போன மாதம் வரை சிரித்து வைத்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, பிரிவின் தலைவர் ஹமீது சார் எதிரே உட்கார வைத்து விளக்கினார்.

"தலைவலிக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. ரெண்டும் நல்ல மாத்திரைதான். சேர்த்துப் போட்டா ஆள் மயங்கி விழுந்துடலாம். சட்டம், மானியம், அபராதம், விளம்பரம் எல்லாமே அப்படித்தான், பூரணி. தனித்தனியா எது நல்லதுன்னு யார் வேணா சொல்லிடுவாங்க. சேர்ந்தா என்ன ஆகும்னு சொல்லத்தான் நமக்குச் சம்பளம்."

சொல்வதற்கு எங்களிடம் ஒரு இயந்திரம் இருந்தது. நிழலகம் என்று பெயர். மாவட்டத்தில் குடும்ப அட்டையில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் அதற்குள் ஒரு நிழல் உண்டு. அந்த மனிதரோடு ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்வோம். அவருடைய கைப்பேசி போன இடங்கள், மின்சாரம் எரித்த நேரம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் அதோடு சேர்ப்போம். பிறகு அந்த நிழல் அவரைப் போலவே முடிவெடுக்கும். அபராதம் போட்டால் பயப்படுமா, பேருந்து விட்டால் ஏறுமா என்று நிழல்களிடம் ஆயிரம் முறை சோதித்துவிட்டுத்தான் நிஜ மனிதர்கள் மேல் கை வைப்போம். வலி தெரியாத நிழல்கள்தானே, எத்தனை முறை வேண்டுமானாலும் கஷ்டப்படட்டும் என்பது எங்கள் எண்ணம்.

நான் படித்தது மொழியியல். இயந்திரத்தைச் செய்தவர்கள் வேறு நாட்டுக்காரர்கள். நம் ஆட்கள் பேசுவதை அது தப்பாகப் புரிந்துகொள்ளும் இடங்களில் ஒரு விதி எழுதிச் சேர்ப்பது என் வேலை. 'பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் முடியாது என்று பொருள். 'சாப்பிட்டாச்சு' என்றால் சாப்பிட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. இப்படி நாற்பது விதிகள் எழுதியிருந்தேன்.

அப்போதுதான் முள்ளித்துறை எங்கள் மேசைக்கு வந்தது.

முள்ளித்துறை கடலோரத்தில் இருநூற்றுப் பத்து வீடுகள் உள்ள மீனவக் குடியிருப்பு. கடல் ஆண்டுக்கு ஒரு தெருவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மூன்றாவது தெருவும் போன பிறகு, பதினான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அரசு புதுக்குடியிருப்பு ஒன்றைக் கட்டியது. ஆட்களைக் கட்டாயப்படுத்தாமல், ரத்தமில்லாமல், அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கூட்டு வேண்டும் என்று எங்களிடம் கேட்டார்கள்.

ஐந்து கருவிகளைச் சேர்த்தோம். இலவச வீடு. இடம்பெயர்வு உதவித்தொகை. புதுக்குடியிருப்பிலிருந்து கடற்கரைக்கு ஒரு பேருந்து. பழைய ஊருக்குத் திரும்பிப்போய்க் குடியிருந்தால் புது வீடு பறிபோகும் என்ற தண்டனை. கடைசியாக, முப்பது நாள் தொடர்ந்து ஊரில் ஆளே இல்லை என்று பதிவானால், அங்கிருக்கும் கடல் எச்சரிக்கைச் சங்கு, மீட்புப் படகு, செவிலியர் மூன்றையும் எடுத்து வேறு ஊருக்குத் தருவது. ஆளில்லாத ஊரில் சங்கு எதற்கு? கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

நிழலகத்தை ஓட்டினோம். முள்ளித்துறை நிழல்கள் எல்லாம் சமர்த்தாகப் புது வீட்டுக்குப் போயின. ஆனால் அடியில் ஒரு எண் வந்தது: திரும்பி வரும் எண்ணம் உள்ளவர்கள், நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. இப்படி ஒரு எண் வந்தால் திட்டமே செத்தது. ஹமீது சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் பதிவுகளைக் கேட்டேன். பத்தாவது குரலிலேயே காரணம் பிடிபட்டது. புது வீட்டுக்குப் போகிறீர்களா என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். "போயிட்டு வர்றேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம்மில் யார் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம்? அது வாயில் வரக்கூடாத சொல். அமெரிக்காவுக்கு நிரந்தரமாகப் போகிறவனும் வாசலில் நின்று போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வான். பாவம், இயந்திரம் அதை அப்படியே நம்பியிருக்கிறது. இத்தனை பேரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறது.

நாற்பத்தோராம் விதியை அரை மணி நேரத்தில் எழுதினேன். 'போயிட்டு வர்றேன்' என்பது விடைபெறும் மரியாதைச் சொல். அதில் உள்ள வருகைக்குப் பொருள் இல்லை. அதை ஒட்டி வரும் வாக்கியத்தையும் மரியாதையாகவே கொள்க. மறுபடி ஓட்டியதும் தொண்ணூற்று மூன்று இரண்டாக இறங்கியது. ஹமீது சார் பிரிவு முழுவதற்கும் வடையும் டீயும் வாங்கித் தந்தார். இயந்திரத்துக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்று என்னைக் கிண்டல் செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பதிவுகளில் ஒன்று நானே நேரில் போய் எடுத்தது. செபமாலை என்பது அவர் பெயர். அறுபது வயதிருக்கும். படகின் நிழலில் வலையைப் பிரித்துப்போட்டு அறுந்த கண்ணிகளைத் தைத்துக்கொண்டே பேசினார். அவர் மனைவி அமலோற்பவம் எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். புது வீட்டுக்குப் போறீங்களாண்ணே என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"போயிட்டு வர்றேம்மா. வராம எப்படி?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கடைசிப் பெட்டியில் 'சம்மதம்' என்று குறித்துக்கொண்டு கிளம்பினேன். வராமல் எப்படி என்று அவர் கேட்டது என்னைத்தான். கேள்வி கேட்கவென்று சம்பளம் வாங்குகிறவள் நான். அவர் கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

ஊர் ஆறு மாதத்தில் காலியானது. ஒவ்வொரு வீட்டின் முன்வாசலிலும் குறுக்குப் பலகை அடித்து அரசு முத்திரை வைத்தார்கள். கைப்பேசிகள் எல்லாம் புதுக்குடியிருப்பில் இருப்பதாகக் காட்டின. வானத்திலிருந்து எடுத்த படங்களில் முள்ளித்துறையில் ஒரு விளக்குகூட இல்லை. முப்பது நாள் கழிந்தது. சங்கைக் கழற்றி வடக்கே ஒரு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது இரண்டு வாரத்திலேயே ஊதி எழுபது பேரைக் காப்பாற்றியது. இதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கூட்டில் கெட்ட சாமான் என்று எதுவுமே இல்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை நண்பகலில் முள்ளித்துறையில் கடல் ஏறியது. ஆளில்லாத ஊர் என்பதால் செய்தியில் இரண்டு வரி வந்தது. மறுநாள் தண்ணீர் வடிந்தபோது, நான்காம் தெருவில் பலகை அடித்த ஒரு வீட்டுக்குள் செபமாலை கிடந்தார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரு வரி என் கண்ணிலேயே நின்றது. வலது கை நகங்களில் மரச்சிராய்கள். முன்வாசல் பலகையை உள்ளிருந்து பெயர்க்கப் பார்த்திருக்கிறார்.

நான் அன்று மாலையே என் திரையில் மட்டும் நாற்பத்தோராம் விதியை நீக்கிவிட்டு நிழலகத்தை ஓட்டினேன். செபமாலையின் நிழலை மட்டும் தனியே பின்தொடர்ந்தேன். ஆயிரம் ஓட்டத்திலும் அது திரும்பிப்போனது. பின்வேலி வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. கைப்பேசியைப் புது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது. விளக்கேற்றவில்லை. ஏன் என்று இயந்திரத்தைக் கேட்டேன். ஒற்றை வரியில் சொன்னது: பேருந்து ஏழு மணிக்கு, கடலுக்குள் இறங்கும் நேரம் நான்கு மணி.

இதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது? ஏழு மணி என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வைத்த நேரம். மீன் ஏழு மணி வரை காத்திருக்காது. அதனால் ஆண்கள் வாரத்தில் ஐந்து நாள் பழைய வீட்டில் தங்கினார்கள். தங்கினால் புது வீடு போய்விடும் என்று பயந்து ஒளிந்து தங்கினார்கள். ஒளிந்ததால் ஊரில் ஆளில்லை என்று பதிவானது. ஆளில்லாததால் சங்கு போனது. விடியலில் கடலுக்குப் போய் வந்தவர் நண்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். விழித்திருந்த மற்றவர்கள் ஓடித் தப்பியிருக்க வேண்டும்; இவர் எழுந்தபோது பின்வழியைத் தண்ணீர் அடைத்திருக்கும். சங்கு இருந்திருந்தால் நாற்பது நிமிடம் முன்னதாக ஊதியிருக்கும்.

பேருந்து நேரத்தை மூன்றரைக்கு மாற்றி ஒரு முறை ஓட்டினேன். நிழல் தினமும் போய்விட்டு வந்தது. யாரும் ஒளியவில்லை, யாரும் சாகவில்லை. நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஒரு பேருந்து. மூன்றரை மணி நேரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு மற்ற பதிவுகளையும் கேட்டேன். முப்பத்தெட்டு ஆண்கள், போயிட்டு வர்றேன் என்பதற்குப் பிறகு இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார்கள். வராம எப்படி. கடலை விட்டுட்டா. படகு கிடக்குல்ல. அந்த வாக்கியங்களையெல்லாம் என் விதி மரியாதை என்று எடுத்து விழுங்கியிருந்தது. இயந்திரம் தமிழைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நான்தான் திருத்தினேன்.

காலையில் ஹமீது சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்னும் பதினோரு ஊர்கள் வரிசையில் இருந்தன. அதே கூட்டு, அதே விதி. திங்கட்கிழமை நாங்கள் அனுப்ப வேண்டிய அறிக்கையில் முள்ளித்துறை வெற்றி என்று இருந்தால், அடுத்த மாதமே அங்கெல்லாம் சங்கைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். நிழல் சொன்னதை வைத்து நிறுத்த முடியாது என்றார் அவர். தண்டனைக்குப் பயந்துதான் ஒளிந்து தங்கினார்கள் என்பதற்கு ஒரு நிஜ ஆளின் வாக்குமூலம் வேண்டும். புதுக்குடியிருப்பில் விசாரித்தவர்களிடம் எல்லோரும், யாருமே பழைய ஊருக்குப் போகவில்லை, செபமாலை அன்று ஒருநாள் மட்டும் கயிறு எடுக்கப் போனார் என்றுதான் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள்.

"பயப்படுறாங்க சார். உண்மையைச் சொன்னா வீடு போயிடும்ல."

"அதுவும் நாம வச்ச கருவிதானே," என்றார். பிறகு மெல்ல, "விதியில உங்க கையெழுத்து இருக்கு, பூரணி. அதையும் யோசிச்சுக்கோங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றிய கவலையில்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை புதுக்குடியிருப்புக்குப் போனேன். செபமாலை இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். எந்த வீட்டிலும் மீன் வாடை இல்லை. அமலோற்பவம் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. காப்பி குடிக்கியாம்மா என்று கேட்டார். துக்க வீட்டில் அவர் எழுந்து காப்பி போடப் போனார், நான் தடுக்கக்கூட இல்லை.

நான் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அண்ணன் அடிக்கடி ஊருக்குப் போவாரோ என்றேன். அவர் தம்ளரைப் பார்த்தபடி, அன்னைக்கு மட்டுந்தான், கயிறு எடுக்க, என்றார். எல்லோரும் சொன்ன அதே சொற்கள். எத்தனை முறை சொல்லிப் பழகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சுவரோரம் புது வீட்டுச் சாவி ஆணியில் தொங்கியது. இருவரும் அதைப் பார்த்தோம். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

புருஷனும் போய் நிற்கிற இந்த அம்மாவிடம், இருக்கிற வீட்டையும் கொடு என்று கேட்க எனக்கு என்ன தகுதி? எழுந்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது எனக்கும் தெரியும். பேசாமல் செருப்பை மாட்டினேன்.

"என்னம்மா, சொல்லாமப் போற," என்று பின்னால் குரல் கேட்டது.

"துட்டி வீட்டுல சொல்லக்கூடாதுல்லக்கா."

"அது எனக்கும் தெரியும். நீ சொல்லிட்டுப் போ. சொன்னா வரணும்ல."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏன் என்று அப்போது புரியவில்லை. அல்லது புரிந்தும் தாங்க முடியவில்லை. போயிட்டு வர்றேங்க்கா என்று சொன்னேன். அவர் தலையசைத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது பைக்குள் களக்கருவி ஒரு முறை ஒலித்தது. மனிதர்களோடு பேசும்போது பதிவு செய்வதற்காக எங்களுக்குக் கொடுத்திருக்கும் கருவி அது. அணைக்க மறந்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன். திரையில் மூன்று வரி இருந்தது.

பேசியவர்: பூரணி. விடைபெறல். திரும்பும் எண்ணம்: இல்லை.

அடியில் சின்ன எழுத்தில், காரணம்: விதி 41.

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. கோபம் வந்தது. யார் சொன்னது எண்ணம் இல்லை என்று? நான் சொன்னதைக் கேட்காமல் இது யார் எனக்குப் பதிலாக முடிவு செய்ய? கோபம் வந்த வேகத்திலேயே அடங்கியது. வலை தைத்துக்கொண்டே சிரித்த அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. பேருந்து வந்து நின்றது, நடத்துநர் என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை. திரும்பி நடந்தேன்.

அமலோற்பவம் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். திரும்பி வந்ததில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"என்ன மறந்துட்ட?"

"அன்னைக்கு அண்ணங்கிட்ட ஒரு கேள்வி கேக்க மறந்துட்டேன்க்கா."

உள்ளே போய் உட்கார்ந்தோம். கருவியை எடுத்து இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தேன். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. நாற்பத்தோராம் விதி என்னவென்று சொன்னேன், எழுதியது நான் என்று சொன்னேன். பதினோரு ஊர்களைப் பற்றிச் சொன்னேன். பேருந்து நேரத்தைச் சொன்னபோது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியாக, நீங்கள் உண்மையைச் சொன்னால் இந்த வீடு போய்விடக்கூடும், என்னால் தடுக்க முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்ல வேண்டாம் என்றால் இப்போதே எழுந்து போய்விடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் அழுதார். நானும் அழுதேன். அடுத்த வீட்டில் யாரோ வானொலியை அணைத்தார்கள். சிறிது நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கருவியைப் பார்த்தார்.

"இதுல பதியுதா?"

"பதியுதுக்கா."

"கேளு."

"அண்ணன் எந்தக் கிழமை ஊருக்குப் போவாரு, எந்தக் கிழமை திரும்பி வருவாரு?"

"திங்கக்கிழமை விடியமுன்ன இங்கேருந்து நடந்துருவாக. சனிக்கிழமைதான் பிறகு. எட்டு மாசமா அப்படித்தான்." நிறுத்தினார். என் கேள்வியில் ஏதோ தப்பு இருப்பதுபோல் தலையை ஆட்டினார். "ஆனா நீ கேக்குறது சரியில்லம்மா. அவுக இங்கேருந்து போயிட்டு வரல. அங்கேருந்து வந்துட்டுப் போனாக."

கருவி சிறிது நேரம் எதுவும் எழுதவில்லை. அதனிடம் இதற்கு விதி இல்லை. பிறகு திரையில் ஒரு கேள்வியும் கீழே ஒரு காலிப் பெட்டியும் வந்தன: செபமாலையின் குடியிருப்பு எது?

நான் அமலோற்பவத்தைப் பார்த்தேன். அவர் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து, கருவிக்குப் பக்கத்தில் வைத்தார். எழுதிக்க என்றார். முள்ளித்துறை, நான்காம் தெரு என்று பெட்டியில் எழுதினேன்.